மூடிமேல் வைத்த பொட்டு

இன்னும் பெட்ரோல் டேங்க் மூடி ஒன்றுதான் பாக்கி. மற்றதெல்லாம் முடிந்தது. சக்கரத்துக் கம்பி ஒவ்வொன்றையும் ஸ்பேனரால் தட்டித் தட்டி, எல்லாம் ஒரே சத்தம் கொடுக்கும்வரை முறுக்கியாயிற்று, இந்தக் கோயமுத்தூரில் கம்பியைக் காதால் முறுக்குகிறவன் என்னைத் தவிர இன்னொருத்தன் இருந்தால் வரட்டும், டீ வாங்கிக் கொடுத்து உட்காரவைத்துப் பேசுகிறேன். மணி ஒன்பதரை. பதினொன்றுக்கு யாமினி அவள் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வருகிறாள், எங்கே போகிறோம் என்று அப்பாவுக்குச் சொல்லவில்லையாம், பிறந்தநாள் பரிசாம், அறுபத்தெட்டு முடிகிறதாம். அது எனக்குத் தெரியாதா, என்னைவிட இரண்டு வயது மூத்தவர். அவர் முன்னால் நான் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்: இது அவர் ஓட்டிய வண்டிதானா? ஆமாம் என்று சொல்ல எனக்கு ஒரு நொடி போதும். சொன்னால், அந்த வண்டிக்கு ஆயில் கலக்க மறந்து அவர் காலை முடமாக்கிய மெக்கானிக் நான்தான் என்பதும் கூடவே வெளியே வரும். மறக்கவில்லை, கலந்தேன், நாற்பத்தொரு வருடமாகச் சொல்கிறேன், கலந்தேன், கேட்பதற்குத்தான் ஆள் இல்லை. இப்போது கேட்க ஆள் வருகிறது, கையில் அத்தாட்சியும் இருக்கிறது, ஆனால் டிபன் டப்பாவின் தட்டில் பழைய பனியன் துணி சுற்றி வைத்திருக்கிறேனே அந்த மூடி, அதுவும் இருக்கிறது.

மூன்று மாதத்துக்கு முன்னால் யாமினி தேடிப் பிடித்து வாங்கி, வால்பாறையிலிருந்து மினி லாரியில் கொண்டுவந்து இறக்கியபோது இதை வண்டி என்று சொல்லவே கூச்சமாக இருந்தது. ஏதோ எஸ்டேட் கிடங்கில் சாக்குக் குவியலுக்குப் பின்னால் கிடந்திருக்கிறது. கேட்டுக்கு அடித்து மிஞ்சிய பச்சைப் பெயிண்டைத் துருப் பிடிக்காமல் இருக்கட்டும் என்று எந்தப் புண்ணியவானோ பிரஷ்ஷால் அப்பியிருந்தான், சீட்டுக்குள் எலி குடும்பம் நடத்தியிருந்தது. பார்த்த இரண்டு பேர் பழைய யெஸ்டி பைக் என்று சொல்லிவிட்டார்களாம். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், இன்ஜினை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும், ஒரே வம்சம். ஆனால் செக்கோஸ்லோவாகியாவில் செய்து கப்பலில் வந்த மோட்டோகிராஸ் வண்டி வேறு பிறவி. லைட் கிடையாது, ஹாரன் கிடையாது, ரோட்டில் போகப் பிறந்ததே இல்லை, மேட்டில் ஏறிக் குதித்துச் சேற்றில் விழுந்து எழுந்து ஓடப் பிறந்தது. எனக்கு ஐம்பதடி தூரத்திலேயே தெரிந்துவிட்டது, அது நிற்கிற நிற்பைப் பார்த்தே. என்ன வண்டி என்பது வேறு, எந்த வண்டி என்பது வேறு. அதற்குக் குனிந்து, இடது பக்கத்து ஃபுட்ரெஸ்ட்டுக்கு அடியில் விரலைவிட்டுத் தடவினேன். யாமினியின் அப்பா வேணுகோபால் உயரமான ஆள், கால் மடங்கிச் சிரமப்படுகிறார் என்று ஃபுட்ரெஸ்ட்டை ஒரு விரற்கடை பின்னுக்குத் தள்ளி, நல்ல இரும்பு கிடைக்காமல், மில்லில் நூல் நூற்கிற மெஷினின் பழைய ஸ்பிண்டிலை வெட்டி அதைத் தாங்கும் ஆணியாகப் போட்டது நான். விரலுக்கு ஸ்பிண்டிலின் சரிவு தட்டுப்பட்டது. மோட்டோகிராஸ் வண்டியில் நூல் மில் ஸ்பிண்டில் இருப்பது இந்த உலகத்திலேயே ஒன்றில்தான். அப்படியே குந்தியபடி இருந்தேன், என்ன அங்கிள் முட்டி வலியா என்று யாமினி கேட்டாள்.

அவள் என்னைத் தண்டபாணி அங்கிள் என்பாள். போர்டில் ஸ்ரீ தண்டாயுதபாணி ஆட்டோ ஒர்க்ஸ் என்று இருக்கிறது, முதல் தடவை போனில் தண்டபாணி சாரா என்று கேட்டாள், ஆவாரம்பாளையத்தில் பாதிப் பேர் அப்படித்தான் கேட்கிறார்கள், ஆமாங்க என்று சொல்லி வைத்தேன், கடைப் பெயர்தானே, யார் உட்கார்ந்து திருத்துவது. அவள் யார் மகள் என்று தெரிந்த பிறகு திருத்த வாய் வரவில்லை. வண்டி இறங்கிய அன்றைக்கே கதையையும் சொன்னாள், என் கடையில், என் ஸ்டூலில் உட்கார்ந்து, நான் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டு: அப்பா அந்தக் காலத்தில் பெரிய ரைடராம், மதுக்கரை மலையடிவாரத்தில் ரேஸாம், ஜெயித்தால் வெளிநாட்டுக்கு அனுப்புவதாக, வண்டி வாங்கிக் கொடுத்த மில்லில் சொல்லியிருந்தார்களாம், எவனோ ஒரு மெக்கானிக் பெட்ரோலில் ஆயில் கலக்க மறந்துவிட்டானாம். எவனோ ஒரு மெக்கானிக். நான் பிஸ்கட் தட்டை அவள் பக்கம் நகர்த்தினேன். அப்பா அவனைத் திட்டுவாராம்மா என்று கேட்டேன். இல்லை அங்கிள், அவன் பேரைக்கூடச் சொன்னதில்லை, அந்தப் பேச்சு வந்தாலே எழுந்து போய்விடுவார் என்றாள். நல்லது என்று நினைத்தேன். பிறகு அது நல்லதுதானா என்று இரண்டு நாள் யோசித்தேன். திட்டினால்கூட என் பெயர் அந்த வீட்டில் ஒரு தடவையாவது காதில் விழுந்திருக்கும்.

ரேஸ் நாளை நினைத்தால் முதலில் வருவது கை வலி. இரண்டு ஸ்ட்ரோக் வண்டி, பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டும், அது இல்லாவிட்டால் பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப் பிடித்துக்கொள்ளும், பின் சக்கரம் பூட்டுப் போட்டது போல் நின்றுவிடும். அப்போதைய ரேஸ் ஆயில் விளக்கெண்ணெயில் செய்தது, பெட்ரோலோடு லேசில் சேராது, கேனை இரண்டு கையாலும் பிடித்து முந்நூறு எண்ணும்வரை குலுக்க வேண்டும். கூடாரத்துக்குப் பின்னால் தனியாக நின்று முந்நூறு எண்ணினேன், யாரும் பார்க்கவில்லை, சாட்சி வைத்துக்கொண்டா ஆயில் கலப்பார்கள். விடிகாலையில் மருதமலை ஏறி இறங்கியிருந்தேன், என் பெயரே அந்த மலையான் பெயர், மருதாசலம், ரேஸ் நாளில் அவனைப் பார்க்காமல் ஸ்பேனரைத் தொட்டதில்லை. இலையில் மடித்துக் கொடுத்த சந்தனம் சட்டைப் பையில் ஈரமாக இருந்தது. எல்லா வண்டிக்கும் பொட்டு உண்டு, எங்கள் பக்கத்தில் பொட்டு வைக்காத வண்டியை யாரும் பந்தயக் கோட்டில் நிறுத்த மாட்டார்கள். நம்பர் தகட்டில் வைத்தால் நடுவர்கள் துடைக்கச் சொல்வார்கள், ஹாண்டிலில் வைத்தால் கிளவ்ஸில் ஒட்டும், பெட்ரோல் டேங்கின் மூடிதான் வட்டமாக மேலே பார்த்துக்கொண்டு பொட்டுக்குத் தோதாக இருந்தது. கட்டைவிரலால் சந்தனத்தை அழுத்தி வைத்து நடுவில் குங்குமம் இட்டேன். ஜெயிச்சுட்டு வாங்கண்ணா என்றேன். வேணுண்ணன் மூடியைப் பார்த்துச் சிரித்தார். பத்துச் சுற்று. ஆறு சுற்று அவர்தான் முதலில். ஏழாவது சுற்றில் இறக்கத்தில், திருப்பத்துக்கு முன்னால், சத்தம் நின்றது. நான் பார்க்கவில்லை, கேட்டேன், அத்தனை வண்டிச் சத்தத்தில் ஒரு சத்தம் மட்டும் இல்லாமல் போனதைக் கேட்டேன். ஓடிப்போய்ப் பார்க்கும்போது வண்டி அவர்மேல் கிடந்தது, இடது கால் பார்க்கிற மாதிரி இல்லை.

பிஸ்டன் பிடித்துக்கொண்டது என்பது கிக்கரை அழுத்திப் பார்த்த எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. பிடித்துக்கொண்டால் ஆயில்தான் காரணம் என்பதும் அவர்களாகவே முடிவு கட்டியது. மில்லிலிருந்து வந்திருந்த மேனேஜர் ஆஸ்பத்திரியில் அவரிடம் கேட்டாராம், என்ன ஆச்சு, ஆயில் இல்லையா, என்று. ஆமாம் என்றாராம் வேணுண்ணன். அந்த ஒரு ஆமாம் போதுமானதாக இருந்தது. வண்டியை அன்று சாயங்காலமே லாரியில் ஏற்றிக் கொண்டுபோய்விட்டார்கள், இன்ஜினை ஒரு தடவை பிரித்துப் பார்க்க விடுங்கள் என்று மில் கேட்டில் மூன்று நாள் நின்றேன், வாட்ச்மேன் என்னைப் பார்த்ததும் உள்ளே திரும்பிக்கொள்வான். அதற்குப் பிறகு எனக்கு ஒரு பட்டப்பெயர் வந்தது, விளக்கெண்ணெய். யோசித்துப் பார்த்தால் நல்ல கிண்டல்தான், ஒன்றுக்கும் உதவாதவனையும் அப்படித்தான் சொல்வோம், விளக்கெண்ணெய் ஊற்ற மறந்தவனுக்கும் அது பொருந்துகிறது, எவனோ மூளைக்காரன் வைத்திருக்கிறான், நான் அந்த இடத்தில் இருந்தால் நானும் சிரித்திருப்பேன். பெண் பார்க்கப் போன வீட்டில்கூட அந்தப் பெயர் எனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. சரசா மட்டும் கல்யாணமான மறுநாள் நேராகக் கேட்டாள், கலந்தீங்களா இல்லையா. கலந்தேன் என்றேன். சரி என்று அடுப்படிக்குப் போனவள், இன்றுவரை அடுத்த தடவை கேட்டதில்லை. அந்த ஒரு சரிக்காகவே அவளை ஆயுளுக்கும் உட்காரவைத்துச் சோறு போடலாம்.

ஆகவே இன்ஜினைப் பிரிக்க உட்கார்ந்த காலையில் முதலில் தேடியது என் பழைய புள்ளிகளைத்தான். திருகை முறுக்கி முடித்ததும் திருகின் தலையிலும் இன்ஜின் மூடியிலும் சேர்ந்தாற்போல் பஞ்ச்சால் ஒரு புள்ளி அடித்துவிடுவது என் வழக்கம், எவனாவது தொட்டுக் கழற்றினால் இரண்டு பாதிப் புள்ளியும் சேராது. பச்சைப் பெயிண்டைச் சுரண்டியதும் புள்ளிகள் வரிசையாக வந்தன, எல்லாம் சேர்ந்தே இருந்தன, ஒன்றும் இம்மி நகரவில்லை. நான் மூடியது, நாற்பத்தொரு வருடம் யாரும் திறக்கவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றி ஒரு வாரம் ஊறவைத்து, மரக்கட்டையால் தட்டித் தட்டி சிலிண்டரை உருவினேன். ஆயில் இல்லாமல் பிடித்திருந்தால் கீழே கிராங்க் பேரிங் வெந்து நீலம் பாரித்துப் போயிருக்க வேண்டும். பாரிக்கவில்லை. பேரிங் முழுக்க, கனெக்டிங் ராடு முழுக்க, பழுப்பாக, வழவழவென்று, நகத்தால் கீறினால் சுருண்டு வருகிற பிசின். விளக்கெண்ணெய் காய்ந்தால் மட்டும் வருகிற பிசின். கலந்திருக்கிறேன். கலந்தேன் என்று எனக்குத் தெரியும், ஆனால் தெரிவது வேறு, நகத்துக்கடியில் இருப்பது வேறு. நடுவில் எத்தனையோ தடவை, முந்நூறு எண்ணியது அந்த ரேஸிலா அதற்கு முந்தைய ரேஸிலா என்று எனக்கே சந்தேகம் வந்திருக்கிறது, அதை யாரிடமும் சொன்னதில்லை, சரசாவிடமும். பக்கத்து லேத்துக்காரர் எட்டிப் பார்த்து என்ன மருது அழுகிறாயா என்றார். மண்ணெண்ணெய் கண்ணில் தெறித்துவிட்டது என்றேன்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்துகிற ஆள் இல்லையே நான், வேலை என்று வந்தால் கடைசித் திருகுவரை கேட்டே தீர வேண்டும். ஆயில் இருந்தும் ஏன் பிடித்தது? பிஸ்டனைத் துடைத்து வெளிச்சத்தில் வைத்தேன். தேய்ந்த தடம் சைலன்சர் பக்கத்தில், மேலே. சூடு ஏறி வீங்கிப் பிடித்த பிஸ்டன் அது, பெட்ரோல் பற்றாமல் காற்று மட்டும் அதிகமாகக் குடித்த இன்ஜினின் தடம். பெட்ரோல் ஏன் பற்றவில்லை? கார்புரேட்டர் சுத்தம், குழாய் சுத்தம், வடிகட்டியில் ஒரு தூசி இல்லை, நான் மாட்டியது அப்படித்தான் இருக்கும். டேங்கில் அடைப்பு இல்லை. கடைசியாக மூடியை எடுத்தேன். மூடியின் நடுவில் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு துளை உண்டு, காற்றுத் துளை. பெட்ரோல் இறங்க இறங்க அதன் வழியாகக் காற்று உள்ளே போக வேண்டும், போகாவிட்டால் பெட்ரோல் இறங்காது, பாட்டிலை வாயோடு வாய் வைத்து உறிஞ்சினால் தண்ணீர் வராமல் நிற்குமே அப்படி. பச்சைப் பெயிண்டை மெதுவாகச் சுரண்டினேன். அடியில் வெளிர் மஞ்சளாக ஒரு வட்டம், அதன் நடுவில் கறுத்துப்போன சிவப்பு. என் கட்டைவிரல் ரேகைகூட லேசாகத் தெரிந்தது, அல்லது தெரிகிற மாதிரி எனக்குப் பட்டது. மூடியை வாயில் வைத்து ஊதினேன். காற்று போகவில்லை. திருப்பி வைத்து ஊதினேன். போகவில்லை. காலையில் பழகுவதற்கு ஓட்டியபோது பொட்டு இல்லை, நன்றாக ஓடியது. கோட்டுக்குப் போகும்போது வைத்த பொட்டு, ஈரச் சந்தனம், கட்டைவிரலால் அழுத்தி, துளைக்குள்ளேயே இறங்கும்படி அழுத்தி. டேங்க் நிறைய இருந்தபோது ஒன்றும் தெரியவில்லை, ஆறு சுற்றில் பெட்ரோல் குறைந்து, வெயிலில் சந்தனம் காய்ந்து கல்லாகி, ஏழாவது சுற்றில். பன்னிரண்டு நாளாக ஏழாவது சுற்றில்தான் நிற்கிறேன்.

பத்து மணிக்குப் போன் அடித்தது. கிளம்பிவிட்டோம் அங்கிள், அதே வண்டிதானா, ஒரு வார்த்தை மட்டும் சொல்லுங்கள் என்றாள் யாமினி, குரலை அடக்கிக்கொண்டு, பக்கத்தில் அப்பா இருப்பார் போல. நேரில் சொல்கிறேன் வாம்மா என்று வைத்துவிட்டேன். மூன்று வழி இருக்கிறது. இல்லை, இது வேறு வண்டி, அதேபோல இன்னொன்று என்று சொல்லிவிடலாம், தண்டபாணியாகவே இருந்துவிடலாம், ஆனால் என் கைவேலையை என் வாயாலேயே இன்னொருத்தன் வேலை என்று சொல்வதற்கு நாக்கு வராது, அது முடியாத காரியம். இரண்டாவது, கழற்றி வைத்த பழைய பேரிங்கைக் காட்டி, பிசினைக் காட்டி, கலந்தேன் பாருங்கள் என்று நெஞ்சை நிமிர்த்தலாம், ஏன் பிடித்தது என்று கேட்டால் பழைய இன்ஜின், எத்தனையோ காரணம் என்று சொல்லலாம், அதிலும் பொய் ஒன்றும் இல்லை, பாதி உண்மைதானே. மூன்றாவது, பனியன் துணிக்குள் இருக்கிறது. கார்புரேட்டர் ஜெட்டைக் குத்த கிளட்ச் கேபிளிலிருந்து பிரித்த ஒற்றைக் கம்பி வைத்திருப்பேன், மேஜை இழுப்பறையில். அது எப்போது என் கைக்கு வந்தது என்று தெரியவில்லை, இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டிக்கொண்டிருக்கிறேன். ஒரு குத்து. ஒரே குத்தில் சந்தனம் பொடியாக உதிரும், ஒரு ஊதல், மூடியை பாலிஷ் வீலில் பிடித்தால் கண்ணாடி, பிறகு நானே மறந்துவிட்டேன் என்றுகூட ஒரு நாள் நம்பிக்கொள்ளலாம். மருதமலையான் ஒன்றும் சொல்ல மாட்டான். கம்பியின் முனை துளையில் வைத்தால் சரியாக உட்காருகிறது. அளவெடுத்த மாதிரி. சீ, என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன், கம்பியை வளைத்துக் குப்பை டின்னில் போட்டேன், பிறகு நல்ல கம்பியாயிற்றே என்று எடுத்து நிமிர்த்தினேன், பிறகு திரும்பவும் போட்டேன்.

கை சும்மா இருந்தால் மனது கெட்டுப்போகும். கேனை எடுத்துப் பெட்ரோலும் ஆயிலும் கலந்தேன், அதே விளக்கெண்ணெய் ஆயில், சென்னையிலிருந்து தருவித்தது, இந்த வண்டிக்கு வேறு எதையும் ஊற்ற எனக்கு மனது வராது. முந்நூறு எண்ணவில்லை, நானூறு எண்ணினேன். டேங்கில் ஊற்றி, மூடி இல்லாமலே, ஒரு உதை உதைத்துப் பார்த்தேன். இன்ஜின் கிளம்பிவிட்டது, முதல் உதையிலேயே, சந்து முழுக்க அதிர்ந்தது, லேத்துக்காரர் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவ்வளவுதான், நான் செய்தால் அப்படித்தான் இருக்கும். நீலப் புகை எழுந்து கடைக்குள் சுருண்டது, அந்த வாசனை, இனிப்பும் கருகலுமாக, ஒரு தடவை மூக்கில் ஏறினால் ஜென்மத்துக்கும் மறக்காத வாசனை. இன்ஜினை அணைத்துவிட்டு அப்படியே நின்றேன். இந்த வாசனை அன்றைக்கு எனக்கு வந்தது என்றால் வண்டிமேல் உட்கார்ந்திருந்தவருக்கு வராமலா இருக்கும்? கோட்டில் ஐந்து நிமிடம் இந்தப் புகைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். ஆறு சுற்று இந்தப் புகையைப் பின்னால் விட்டுக்கொண்டு ஓட்டினார். ஆயில் கலந்திருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். அன்றைக்கே தெரியும். தெரிந்தேதான் ஆமாம் என்றார். இத்தனை வருடம் இது எனக்கு ஏன் உறைக்கவில்லை? நம்பிக்கை. வேணுண்ணன் பொய் சொல்ல மாட்டார், வலியில் ஏதோ உளறியிருப்பார் என்றே வைத்துக்கொண்டிருந்தேன். கோபம் வந்தது, நெற்றிப்பொட்டு தெறிக்கிற கோபம். வரட்டும், பேரிங்கைத் தூக்கி மேஜையில் போட்டு மகள் முன்னாலேயே கேட்கிறேன், ஏன் சொன்னீர்கள் என்று. மூடியைப் பற்றிப் பேச்சே எடுக்க மாட்டேன், எதற்கு எடுக்க வேண்டும், அவர் எனக்காக என்ன எடுத்துப் பேசினார். இப்படி நினைத்துக்கொண்டே பனியன் துணியைப் பிரித்து மூடியை ஊதிப் பார்க்கிறேன். காற்று போகவில்லை. அவர் பொய் சொன்னதால் இந்தத் துளை திறந்துவிடவில்லை. அவர் பொய் அவரிடம் இருக்கட்டும், பொட்டு என்னுடையது. இதை நினைத்ததும் கோபம் போகவில்லை, ஆனால் மூச்சு சீரானது. மூடியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கை கழுவினேன், சோப்புத் தூள் போட்டு, முழங்கைவரை.

கார் பதினொன்று ஐந்துக்கு வந்தது. யாமினி கதவைத் திறக்க, கைத்தடியை ஊன்றி இறங்கினார், மடங்காத இடது காலைத் தனியாக எடுத்து வைத்து. தலை முழுக்க நரை, உயரம் மட்டும் குறையவில்லை. என்னைப் பார்க்கவில்லை. சிவப்பு டேங்க்கைப் பார்த்தார். வாசலிலேயே நின்றுவிட்டார். பிறகு மெல்ல வந்து சீட்டின்மேல் கையை வைத்தார், கை அங்கிருந்து இறங்கி ஃபுட்ரெஸ்ட்டைத் தொட்டது, அது இருக்கும் இடத்தை விரலால் அளந்தது. அப்படியே குனிந்தபடி கேட்டார்.

“மருது, நீயாடா?”

“இல்லப்பா, இவர் தண்டபாணி அங்கிள்” என்றாள் யாமினி.

“அது கடைப் பேரு கண்ணு. நான் மருதாசலம். நீ சொன்னியே ஒரு மெக்கானிக், அவன் நான்தான்” என்றேன். “வண்டியும் அதேதான்.”

நான் அவரைப் பார்த்தேன், அவர் நிமிரவில்லை. பேரிங்கை எடுத்து அவர் கையில் வைத்தேன். “ஆயில் கலந்தேனுங்கண்ணா. பிரிச்சுப் பாத்தாச்சு. பிசின் பாருங்க.” அவர் தலையை ஆட்டினார், ஒரு தடவை, மெதுவாக. அங்கே நிறுத்தியிருந்தால் நான் ஜெயித்தவன். சட்டைப் பையில் கையை விட்டேன்.

“ஆனா தப்பு என்னுதுதாங்கண்ணா. இதை ஊதிப் பாருங்க.”

மூடியை வாங்கிப் பொட்டைப் பார்த்தார். வாயில் வைத்து ஊதினார். கன்னம் உப்பியது. காற்றுத் துளையில் சந்தனம், பெட்ரோல் இறங்கவில்லை, அதில்தான் பிஸ்டன் பிடித்தது என்று சொன்னேன், அழுத்தி வைத்த கட்டைவிரலையும் காட்டினேன். ஏன் காட்டினேன் என்று தெரியவில்லை. அவர் இன்னொரு தடவை ஊதினார். பிறகு ஸ்டூலைத் தடவி உட்கார்ந்தார். திட்டுவார் என்று நின்றேன், திட்டட்டும், அதற்குத்தானே சொன்னது. அவர் முகம் திட்டுகிற முகமாக இல்லை, எதையோ கணக்குப் போட்டு அது சரியாக வராமல் திரும்பத் திரும்பப் போடுகிற முகமாக இருந்தது.

“எறக்கத்துல ரெண்டாவது கியர் போடறதுக்குப் பதிலா ஒண்ணுல போட்டுட்டேன்னு நெனச்சேன்டா” என்றார். “அதுல இன்ஜின் கத்திப் புடிச்சுக்கிச்சுன்னு. இன்னிக்கு வரைக்கும் அப்பிடித்தான் நெனச்சேன். அந்தக் கால் தூக்கத்துல கூடக் கியரைத் தேடும்.” மூடியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். “அப்ப, நான் இல்லையா மருது?”

கியர் பாக்ஸைத் திறந்தபோது பல் எதில் கோத்து நின்றது என்று பார்த்திருந்தேன், அன்றைக்கு அது எனக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை.

“நீங்க இல்லைங்கண்ணா. கியர் ரெண்டுலதான் இருந்துச்சு. நீங்க சரியாத்தான் போட்டிருந்தீங்க.”

அவருக்கு உதடு துடித்தது. யாமினி அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள், அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள், பார்த்துவிட்டு, “அப்போ ஆயில் கலக்கலைன்னு சொன்னீங்களேப்பா?” என்றாள்.

என் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே அவர் சொன்னார்.

“கலந்திருந்தான்மா. எனக்கு அன்னிக்கே தெரியும்.”